தமிழ்99-இல் கை ஓடவில்லையா? எந்த எழுத்தில் நிற்கிறது என்று பாருங்கள்

"வேகம் வரமாட்டேங்குது" என்று சொல்லி வருகிறவர்களை நான் ஒரு பத்தி அடிக்கச் சொல்வேன். திரையைப் பார்க்க மாட்டேன், சத்தத்தை மட்டும் கேட்பேன். நான் டைப்ரைட்டிங் கற்ற இன்ஸ்டிடியூட்டில் சார் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் படிப்பார். திடீரென்று "மூணாவது மெஷின், என்ன தேடுற?" என்பார். விசை ஒலி எங்கே அறுந்தது என்று அவர் காதுக்குத் தெரியும். மெதுவாக அடிக்கிறவர் பெரும்பாலும் எல்லா எழுத்தையும் மெதுவாக அடிப்பதில்லை. நாலைந்து இடத்தில் நிற்கிறார், மற்ற இடத்தில் நன்றாகவே போகிறார். அந்த நாலைந்து இடத்தைக் கண்டுபிடிக்கத்தான் இந்தக் குறிப்பு. உங்கள் குறை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம், வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை.

இதில் சொல்வதெல்லாம் தமிழ்99 விசைப்பலகைக்கு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு அறிவித்த அமைப்பு அது. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் வலக்கையில். வ, ங இரண்டு மட்டும் இடம் மாறி இடக்கைக்கு வந்துவிட்டன.

"படத்தில் இருக்கிறபடிதான் அடிக்கிறேன், வேறு எழுத்து வருகிறது"

விரலைக் குறை சொல்லும் முன், கணினியில் எந்த விசைப்பலகை ஓடுகிறது என்று பாருங்கள். விண்டோஸில் "தமிழ்" என்று சேர்த்தவுடன் வருவது தமிழ்99 ஆக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆங்கில எச் விசையை ஒரு தடவை தட்டுங்கள்.

க வந்தால் தமிழ்99. ப வந்தால் அது இன்ஸ்கிரிப்ட், இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக வகுத்தது. ஹ் வந்தால் அஞ்சல் போன்ற ஒலிபெயர்ப்பு முறை, அதாவது தமிழ் ஒலியை ஆங்கில எழுத்துகளால் அடிப்பது. துணைக்கால் வந்தால் பழைய டைப்ரைட்டர் முறை. பாமினி எழுத்துருவிலும் அங்கே கால்தான். அமைப்புகளில் மொழிப் பகுதிக்குப் போய் தமிழ்99-ஐச் சேர்த்துவிட்டு மற்றதை நீக்கிவிடுங்கள். இரண்டு தமிழ் விசைப்பலகையை வைத்துக்கொண்டால், விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாரைத் தட்டி மாற்றும்போதெல்லாம் எது வரும் என்று ஒரு நொடி யோசிப்பீர்கள். அந்த யோசனையும் தடங்கல்தான்.

"அடிக்கத் தெரியும், ஆனால் கண் கீழே போய்விடுகிறது"

இதைத்தான் அதிகம் கேட்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

எஃப், ஜே இரண்டு விசையிலும் சின்ன மேடு இருக்கும். தமிழில் இடப்பக்க மேடு ஃ, வலப்பக்க மேடு ப. சுட்டுவிரல்கள் அந்த மேடுகளில் உட்கார்ந்தால் இடக்கைக்கு அ இ உ ஃ, வலக்கைக்கு ப ம த ந. எ, க இரண்டும் சுட்டுவிரலை உள்பக்கம் ஒரு விசை நகர்த்தினால் கிடைக்கும். ய, வலது சுண்டுவிரலை வெளிப்பக்கம் நகர்த்தினால். நடு வரிசை அவ்வளவுதான்.

உயிர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை என்பேன். குறில் நடு வரிசையில் இருக்கிறது, அதன் நெடில் அதே விரலுக்கு நேர் மேலே. அ-வுக்கு மேல் ஆ, இ-க்கு மேல் ஈ, உ-வுக்கு மேல் ஊ, எ-க்கு மேல் ஏ. ஃ-க்கு மேலே ஐ. இந்த ஒழுங்கு தெரியாமல் படத்தைப் பார்த்துப் பார்த்து எழுத்தெழுத்தாகக் கற்றவர்களுக்குத்தான் கண் கீழே போகிறது. ஒழுங்கை உடைப்பவை மூன்று: ஒ, ஓ, ஔ. அவை கீழ் வரிசையில், நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் என்று பக்கவாட்டில் போகின்றன. மற்ற குறில் நெடிலுக்கு ஒரே விரல் ஏறி இறங்க, இங்கே விரலே மாறுகிறது. "போனான்" அடிக்கப் போய் "பொனான்" வருவது அதனால்தான். கொடு–கோடு, பொறு–போறும், தொடு–தோடு என்று ஜோடி ஜோடியாக ஒரு வாரம் அடியுங்கள்.

கண்ணை நிறுத்த ஒரு வழி. பக்கத்தில் ஒரு தாள் வையுங்கள். கண் விசைமேல் விழும் ஒவ்வொரு தடவையும், எந்த எழுத்துக்காக விழுந்ததோ அதைத் தாளில் எழுதுங்கள். அடிப்பதை நிறுத்திவிட்டுப் பேனாவை எடுக்க வேண்டும், எரிச்சலாக இருக்கும், இருக்கட்டும். பதினைந்து நிமிடத்தில் தாளைப் பார்த்தால் முப்பது எழுத்தும் இருக்காது. ஞ, ழ, ங, ஏதாவது கிரந்த எழுத்து என்று மூன்று நான்குதான் திரும்பத் திரும்ப இருக்கும். உங்கள் பாடம் அந்த நாலு எழுத்து மட்டுமே. ஞ என்றால் மஞ்சள், இஞ்சி, பஞ்சு, ஞாயிறு. ங என்றால் தேங்காய், வெங்காயம், நுங்கு. ழ-வுக்குச் சின்ன வயதில் நாக்குச் சுளுக்கச் சொன்ன ஏழைக் கிழவனும் வாழைப்பழத் தோலும் இருக்கவே இருக்கிறார்கள்.

விசைகளின் மேல் தமிழ் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள். படம் வேண்டுமென்றால் அச்சடித்துத் திரைக்கு மேலே சுவரில் ஒட்டுங்கள். தேடும் கண் மேலே போகட்டும், கீழே போகக் கூடாது. கையை ஒரு கைக்குட்டையால் மூடிக்கொண்டு அடிப்பது பழைய தந்திரம், இன்னமும் வேலை செய்கிறது.

பார்க்காமல் அடிப்பதில் அப்படி என்ன ஆதாயம் என்ற வாதம் டைப்ரைட்டர் காலத்திலேயே நடந்து முடிந்தது. 1888 ஜூலை 25 அன்று அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஃபிராங்க் மெக்கரினும் லூயி டிராபும் போட்டி போட்டார்கள். டிராப் விசைகளைப் பார்த்து அடிப்பவர். மெக்கரின் தன் ரெமிங்டனின் விசைகளை மனப்பாடம் செய்திருந்தார். ஜெயித்தது மெக்கரின். அவர் கண் மூலப் பிரதியை விட்டு நகரவே தேவையில்லாமல் இருந்தது.

"நதி அடித்தால் ந்தி வருகிறது, சமம் அடித்தால் சம்ம் வருகிறது"

மென்பொருளில் பிழை என்று நினைத்துத் தமிழ்99-ஐயே விட்டவர்களை எனக்குத் தெரியும். பிழை இல்லை, அதன் நல்ல குணமே இதுதான்.

மெய்க்குப் பின் ஃ தட்டினால் புள்ளி விழும். அது போக, தமிழ்99 இரண்டு இடத்தில் தானாகப் புள்ளி வைக்கும். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி: ப, க, க, ம, ஃ என்று தட்டினால் பக்கம். அடுத்தது, மெல்லினத்துக்குப் பின் அதன் இன வல்லினம் வந்தால் மெல்லினத்துக்குப் புள்ளி: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. தமிழில் இந்தச் சேர்க்கைகள் வரிக்கு வரி வருவதால் எத்தனையோ அடி மிச்சம். "வாங்குகிறேன்" என்ற சொல்லுக்கு 11 தட்டு போதும்.

புள்ளி வேண்டாத இடத்தில் நடுவே அ தட்ட வேண்டும். நதி என்றால் ந, அ, த, இ. சமம் என்றால் ச, ம, அ, ம, ஃ. எல்லோரும் இதைப் படித்திருப்பார்கள், அடிக்கும்போது வராது. ஏனென்றால் விதியாக மனதில் இருக்கிறது, சொல்லாக விரலில் இல்லை. விதியை மறந்துவிட்டு இந்தச் சொற்களை மட்டும் தினமும் பத்துப் பத்துத் தடவை அடியுங்கள்: நதி, நந்தவனம், பப்பாளி, தத்தை, சச்சரவு, வவ்வால், சமம், மதத்தை, வாதத்தை. இவற்றில் வவ்வால் எனக்குப் பிடித்தது: வ, அ, வ, வ, ஆ, ல, ஃ. முதல் வ-வுக்குப் பின் அ தட்ட மறந்தால் வவ்வால் தலைகீழாகத்தான் தொங்கும்.

கடைசி இரண்டு சொற்களைக் கவனியுங்கள். "தம்" என்று முடியும் சொல்லோடு "அத்து" சாரியை சேரும் இடமெல்லாம் இந்தப் பொறி உண்டு: விவாதத்தில், வேதத்தின், சதவீதத்தை. செய்தி, கட்டுரை அடிப்பவர்களுக்குப் பக்கத்துக்குப் பக்கம் வரும்.

இதன் உடன்பிறப்பு இன்னொரு குறை: பேக்ஸ்பேஸ் அடித்துத் திருத்தினால் "கி"க்குப் பதில் "கஇ" வருவது. பெரும்பாலான செயலிகளில் பேக்ஸ்பேஸ் முழு எழுத்தையும் அழிக்காது. "கா"வில் காலை மட்டும் எடுத்துவிட்டுக் க-வை நிறுத்தும். அதன் பின் இ தட்டினால் சில மென்பொருள் "முன்னால் ஒரு மெய் இருக்கிறது" என்பதை மறந்து தனி இ போட்டுவிடும். க-வையும் சேர்த்து அழித்துவிட்டு எழுத்தை முதலிலிருந்து அடிப்பதுதான் வழி. மவுஸால் நடுவில் சொடுக்கித் திருத்தும்போதும் இதேதான்.

"ர, ற, ல, ள நாலும் குழம்புகிறது"

இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம், இரண்டுக்கும் மருந்து வேறு.

ஒன்று, விரல். வலது சுட்டுவிரலின் பொறுப்பில் ஆறு எழுத்து: நடுவில் ப, க, மேலே ற, ள, கீழே ர, ல. தமிழில் இந்த ஆறும் எவ்வளவு புழங்குகின்றன என்று சொல்லவே வேண்டாம். "கல்", "பல்", "கரை", "பறை", "வரலாறு" எல்லாம் ஒரே விரல் ஓடி ஓடி அடிக்க வேண்டியவை. எழுத்துக்குப் பின் விரல் மேட்டுக்குத் திரும்பாமல் நின்ற இடத்திலிருந்தே அடுத்ததைத் தேடினால் தடம் தவறும். பயிற்சி எளிது: ப-ற-ப-ள-ப-ர-ப-ல-ப-க. ஒவ்வொரு தாவலுக்கும் பின் ஒரு ப. அலுப்பான பயிற்சிதான். டைப்ரைட்டிங் வகுப்பில் "யளனகபக" அடித்துப் பக்கங்களை நிரப்பியவர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை.

மற்றது, எழுத்துப்பிழை. "அங்கே ற-வா ர-வா" என்று மனம் தயங்கினால் விரல் என்ன செய்யும்? சோதித்துப் பார்க்க, அதே பத்தியைத் தாளில் கையால் எழுதுங்கள். பேனாவும் அங்கேயே நின்றால் குறை விசைப்பலகையில் இல்லை. அகராதியைத் திறந்து அரம்–அறம், கரி–கறி, வலி–வளி–வழி, மனம்–மணம் என்று எழுதிப் பழகிவிட்டு வாருங்கள். ஒலிபெயர்ப்பில் அடித்துப் பழகி, வரும் பரிந்துரைப் பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே பத்து வருடம் ஓட்டியவர்களுக்கு இந்தத் தயக்கம் கூடுதல். பட்டியல் எழுத்துக்கூட்டிக்கொண்டே இருந்ததால் கைக்கு அது தேவைப்படவில்லை.

வலது சுண்டுவிரலுக்கும் ஆறு எழுத்து உண்டு: ந, ய, ண, ச, ஞ, ழ. பலமில்லாத விரல். ச-வை மோதிரவிரலால் அடிக்கிறவர்கள் உண்டு. தவறாமல் விழுகிறதென்றால் நான் தடுப்பதில்லை, ஆனால் எப்போதும் ஒரே விரலாக இருக்கட்டும்.

"டைப்ரைட்டிங் ஹையர் பாஸ், தமிழ்99-இல் குழந்தை மாதிரி தடுமாறுகிறேன்"

நானும் இந்த வழியாக வந்தவன். விரல்கள் தயாராக இருக்கின்றன, வரிசைதான் வேறு. டைப்ரைட்டரில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் அடிப்போம்: "கெ"வுக்கு முதலில் கொம்பு, பிறகு க. "கொ"வுக்குக் கொம்பு, க, கால். தமிழ்99 வாய் சொல்கிற வரிசை: க, பிறகு எ. க, பிறகு ஒ. முதல் இரண்டு வாரம் கை தானாகக் கொம்பைத் தேடும். அப்போது எழுத்தை வாயால் பிரித்துச் சொல்லிக்கொண்டே அடியுங்கள், "ப்–ஏ–ச்–உ" என்று. பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். என்னைப் பார்த்து என் வீட்டிலேயே சிரித்தார்கள்.

ஒரு எச்சரிக்கை. அரசுத் தட்டச்சுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தால் அது முடியும்வரை தமிழ்99 பக்கம் வராதீர்கள். பாதி பாதியாக இரண்டும் கெட்டுப்போகும்.

"25-ஐத் தாண்டவே மாட்டேங்குது"

முதலில் நிமிடத்துக்கு 25 சொல் என்ற அந்தக் கணக்கு எப்படி வந்தது என்று பாருங்கள். ஐந்து அடியை ஒரு சொல்லாகக் கணக்கிடுவது தட்டச்சு மரபு. அரசுத் தேர்வில் இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45 சொல் என்கிறார்கள். ஆனால் தமிழ்ச் சொல் ஐந்து அடியில் அடங்குமா? "வந்துகொண்டிருக்கிறார்கள்" ஒரே சொல், தமிழ்99-இல் 21 அடி. இடைவெளியை எண்ணிச் சொல் கணக்குப் பார்க்கும் தளத்தில் நீங்கள் ஆமை, அடியை எண்ணும் தளத்தில் முயல். இன்னும் சில, அடியை எண்ணாமல் யூனிகோடு குறிகளை எண்ணும். தானாக விழும் புள்ளியும் அதில் ஒரு குறி, நீங்கள் தட்டாததற்கும் மதிப்பெண். ஆகவே ஒரு தளத்தின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடாதீர்கள். போன மாதத்து உங்களோடு, அதே தளத்தில், ஒப்பிடுங்கள்.

எண் சரிதான், உண்மையிலேயே நின்றுவிட்டது என்றால் பேக்ஸ்பேஸைச் சந்தேகியுங்கள். ஒரு எழுத்து தவறினால் தவறு ஒன்று, அழிப்பது ஒன்று, திரும்ப அடிப்பது ஒன்று, மூன்று அடி போயிற்று. போதாததற்குத் தாளமும் போயிற்று. ஒரு வாரம் வேகத்தைப் பார்க்கவே பார்க்காமல், நூறு அடிக்கு இரண்டு மூன்று தவறுக்கு மேல் போகாத அளவுக்கு மெதுவாக அடியுங்கள். பேக்ஸ்பேஸைத் தொடாதீர்கள். தவறு கிடக்கட்டும், கடைசியில் எண்ணலாம்.

தவறும் குறைவு, வேகமும் ஏறவில்லை என்றால்தான் அடுத்த படி. ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் 1,68,000 பேர் ஆங்கிலத்தில் அடித்த 13.6 கோடி அடிகளை ஆராய்ந்தார்கள். சராசரி நிமிடத்துக்கு 52 சொல் அளவில் இருந்தது. வேகமானவர்களிடம் கண்ட பழக்கம் ஒன்று: முந்தைய விசையிலிருந்து விரலை எடுக்கும் முன்பே அடுத்த விசையை அழுத்திவிடுகிறார்கள். தமிழ்99-க்கு இது வெகு பொருத்தம். மெய் வலக்கை, உயிர் இடக்கை. ஒரு கை எழும்போதே மறு கை விழலாம். "பாடு", "தேடு", "கூடு", "ஓடினாள்", "கேட்டேன்" போன்றவற்றில் பழகுங்கள். தவில் வாசிக்கிறவர் ஒரு கை தட்டி முடியட்டும் என்று மறு கையை நிறுத்தி வைப்பதில்லை.

"நேற்றுவரை நன்றாக இருந்தது, இன்று கீபோர்டு பேய் பிடித்த மாதிரி"

இயந்திரக் கோளாறு, சுருக்கமாக முடிக்கலாம். ற, ன, ட வரவேண்டிய இடத்தில் 4, 5, 6 வந்தால் சிறிய மடிக்கணினியில் நம்லாக் விழுந்திருக்கிறது. விசையை அழுத்திப் பிடித்தால்தான் எழுத்து வருகிறது என்றால், வலது ஷிப்டை எட்டு நொடி பிடித்திருப்பீர்கள், ஃபில்டர் கீஸ் இயங்கியிருக்கும். ஷிப்டை ஐந்து முறை தட்டினால் ஸ்டிக்கி கீஸ், கையை எடுத்த பிறகும் ஷிப்ட் அழுந்தியதாகவே நிற்கும். ஜ, ஷ, ஸ, ஹ எல்லாம் ஷிப்டில் இருப்பதால் "ஜஸ்ட்" மாதிரிச் சொல்லில் திணறும்போது இது நடக்கும். இரண்டையும் அணுகல் அமைப்புகளில் நிரந்தரமாக அணைத்துவிடுங்கள். அந்த எழுத்துகளெல்லாம் இடக்கையில் இருப்பதால் வலது ஷிப்டையே பயன்படுத்துங்கள். அடித்துக்கொண்டிருக்கும்போதே கர்சர் வேறு வரிக்குத் தாவினால் உள்ளங்கை டச்பேடில் படுகிறது.

"மணிக்கட்டு வலிக்கிறது"

அன்றைக்கு நிறுத்துங்கள். வலியோடு அடித்த பயிற்சியால் எவருக்கும் வேகம் வந்து நான் பார்த்ததில்லை. மறுநாள் நாற்காலியை உயர்த்திப் பாருங்கள்: முழங்கை விசைப்பலகை மட்டத்தில் இருக்க வேண்டும், மணிக்கட்டு மேல்நோக்கி மடியக் கூடாது. விசைப்பலகைக்கு அடியில் இருக்கும் கால்களை மடக்கிவிடுங்கள். பழைய டைப்ரைட்டரில் அடித்தவர்கள் இன்னும் ஆணி அடிக்கிற மாதிரி அடிப்பார்கள். இந்த விசைகளுக்கு அதில் கால்வாசி பலம் போதும். மரத்துப்போவது, இரவில் விரல் எரிவது என்று தொடர்ந்தால் மருத்துவரிடம் போவதுதான் சரி.

"தமிழ் வந்தது, ஆபீஸில் ஆங்கிலம் போய்விட்டது"

மூன்றாவது நாலாவது வாரத்தில் இது வரும். ஆங்கிலத்தில் எம் தேடினால் விரல் நடுவிரலின் ம-வுக்குப் போகும். இரண்டு தடமும் தனித்தனியாகப் பிரிவதற்கு முன் வருகிற குழப்பம், சில நாளில் போய்விடும். அதுவரை ஒரே உட்காரலில் இரண்டு மொழியையும் மாற்றி மாற்றி அடிக்காதீர்கள். அவசர வேலை இருக்கும் நாளில் கௌரவம் பார்க்காமல் பழைய ஒலிபெயர்ப்பிலேயே அடித்துக் கொடுத்துவிடுங்கள். சாயந்திரம் வீட்டில், கைக்குட்டையைப் போர்த்திக்கொண்டு, நடு வரிசை மட்டுமே தேவைப்படுகிற இந்த வரியை இருபது நிமிடம் அடியுங்கள்: "அம்மியும் உப்பும் இந்தப் பக்கம்."